மூன்றுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை: எக்ஸ்வி6ஐ ராஸ்பெரி பை 3இல் எழுப்பிய பதிவு

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், சந்தையடியில் இருந்து ஐந்து நிமிடம் நடந்தால் வரும் ஒழுங்கைக்குள் இருக்கிறது. போன வருடம் ஆனி தொடங்கிக் கார்த்திகை வரை, சனி ஞாயிறு தோறும் மூன்று மாணவர்கள் எங்கள் விறாந்தையில் வந்திருந்து ஒரே வேலையைச் செய்தார்கள். எக்ஸ்வி6 என்ற சின்ன இயங்குதளத்தை ராஸ்பெரி பை 3 என்ற கையடக்கக் கணினிப் போர்டில் ஓடவைக்கும் வேலை. அவர்களுக்கு அது இறுதியாண்டுச் செயற்றிட்டம். வழிகாட்ட ஆள் தேடி, தெரிந்த ஒருவர் சொல்லி என்னிடம் வந்தார்கள். நான் வீட்டில் இருந்தபடியே மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவள். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, என் தொழில் இல்லை, ஆனால் நெடுநாளாக மனதுக்குப் பிடித்த விஷயம். பிள்ளைகளின் பெயரைப் போடாமல் ஊரால் சொல்கிறேன்: கொக்குவில் தம்பி, மானிப்பாய்த் தங்கச்சி, சாவகச்சேரித் தம்பி.

அடுத்த வருடம் இதே வேலையைத் தொடங்கப்போகிற பிள்ளை யாராவது வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்களுடைய நாட்களைத் தின்ற இடங்களை விரித்துச் சொல்கிறேன். லேசாகப் போன இடங்களை லேசாகவே விடுகிறேன்.

முதலில், ஏன் எக்ஸ்வி6? லினக்ஸ் இந்தப் போர்டில் ஏற்கெனவே ஓடுகிறது. கார்டில் எழுதிச் செருகினால் எழும்பிவிடும். அதில் மாணவர் செய்ய ஒன்றும் மிஞ்சாது. எக்ஸ்வி6 அப்படியில்லை. 1975இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட யூனிக்ஸ் இயங்குதளத்தின் 6ஆம் பதிப்பை அடியொற்றி, எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 2006இல் வகுப்புக்காகப் புதிதாக எழுதியது அது. முதலில் இன்டெல் எக்ஸ்86 வகைச் சில்லுக்கு எழுதினார்கள், 2019இல் ரிஸ்க்-ஃபைவ் என்ற வேறு வகைச் சில்லுக்கு மாற்றினார்கள். நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் மொத்தம் 21தான். பொறுமையான ஒரு பிள்ளை இரண்டு மூன்று கிழமையில் கெர்னல் முழுவதையும் வாசித்துவிடலாம். வாசித்து முடித்தபின் "இந்த வரி ஏன் இருக்கிறது" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத வரி ஒன்றும் இருக்கக்கூடாது என்று முதல் நாளே மூவருக்கும் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். 1977இல் ரிச்சர்ட் மில்லர் என்பவர் அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகத்தில் இதே யூனிக்ஸ் 6ஆம் பதிப்பை, அது பிறந்த பிடிபி-11ஐ விட்டு இன்டர்டேட்டா 7/32 என்ற வேறொரு கணினிக்குக் கொண்டுபோனார். பெல் ஆய்வுகூடத்தில் இருந்து எத்தனை ஆயிரம் மைல் தள்ளி! பிற்காலத்தில் பிளான் 9 இயங்குதளத்தை ராஸ்பெரி பைக்குக் கொண்டுவந்தவரும் அதே மில்லர்தான். பிள்ளைகளின் முகத்தில் அதைக் கேட்டதும் ஒரு வெளிச்சம் வந்தது. தூரத்து ஊர் என்பது இந்த வேலைக்கு ஒரு தடையே இல்லை என்பதை நான் சொல்லி விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

போர்டு என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. ராஸ்பெரி பை 3, மாடல் பி. பிசிஎம்2837 சில்லு, கோர்டெக்ஸ்-ஏ53 என்ற ஆர்ம் வகைக் கோர் (கட்டளைகளை ஓட்டும் அலகு) நான்கு, 1.2 கிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி நினைவகம். புதிதாக வாங்கியது, போர்டு அனுப்பும் எழுத்தை மடிக்கணினியில் காட்ட ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிளும் 8 ஜிபி எஸ்டி கார்டு இரண்டும்தான்.

முதல் ஆறு கிழமை போர்டைத் தொடவில்லை. கியூஎமு என்ற போலி இயந்திரத்தில் ராஸ்பெரி பை 3 போன்ற ஒன்று இருக்கிறது. மடிக்கணினியிலேயே அதில் ஓடவைத்துப் பார்த்தோம். ரிஸ்க்-ஃபைவில் இருந்து ஆர்முக்கு வருவதில் பாதி வேலை பெயர் மாற்றம் போலத்தான் இருந்தது. அங்கே மெஷின் மோடில் விழித்து சூப்பர்வைசர் மோடுக்கு இறங்குகிறது. இங்கே ஈஎல்2 என்ற அதிகார மட்டத்தில் விழித்து அதற்குக் கீழான ஈஎல்1க்கு இறங்குகிறது. கெர்னலைக் கூப்பிடும் கட்டளை அங்கே ஈகால், இங்கே எஸ்விசி. நிரல் பார்க்கும் முகவரியை உண்மை நினைவக முகவரியாக மாற்றும் பக்க அட்டவணையும் நல்லபடி அமைந்தது. எக்ஸ்வி6 பயன்படுத்துவது 39 பிட் முகவரி, 4 கேபி பக்கம், மூன்று அடுக்கு, அடுக்குக்கு 512 பதிவு. ஆர்மிலும் 39 பிட் என்று அமைத்தால் அதே மூன்று அடுக்கு, அதே 512. அட்டவணைக்குள் இறங்கித் தேடும் சார்பில் ஐந்தாறு வரிதான் மாறியது.

ஒரு இடத்தில் மட்டும் நாங்கள் மூலத்தை விட்டு விலகினோம். ரிஸ்க்-ஃபைவில் பக்க அட்டவணையைக் காட்டும் பதிவகம் (சில்லுக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடம்) ஒன்றே ஒன்று. அதனால் பயனர் பக்கத்தில் இருந்து கெர்னலுக்குத் தாவும்போது காலடி நழுவாமல் இருக்க, இரண்டு அட்டவணையிலும் ஒரே முகவரியில் தெரியும் ஒரு பக்கத்தை வைத்திருக்கிறார்கள். ஆர்மில் இரண்டு பதிவகம்: கீழ் முகவரிக்கு ஒன்று, மேல் முகவரிக்கு ஒன்று. கெர்னலை மேலே வைத்துவிட்டால் அந்தத் தாவுபக்கமே தேவையில்லை. சாவகச்சேரித் தம்பி இதைத் தானாகவே கண்டுபிடித்து, அந்தக் கோப்பின் பெரும்பகுதியை அழித்தார். எழுதியதை அழித்த நாளில் ஒரு மாணவன் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

கியூஎமுவில் எங்களை மறித்தது ஒரே ஒரு பிட். கெர்னல் எழும்பியது, முதல் பயனர் நிரலை ஏற்றியது, அதன் முதல் கட்டளையிலேயே விழுந்தது. விழுந்த காரணத்தைச் சொல்லும் பதிவகத்தை ஹெக்ஸில் அச்சிட்டோம்: 82, பிறகு ஐந்து சைபர், கடைசியில் பி. மானிப்பாய்த் தங்கச்சி ஆர்ம் கையேட்டைத் திறந்து பிட் பிட்டாகப் பிரித்தாள். மேலே உள்ள ஆறு பிட் சொல்வது, பயனர் மட்டத்தில் கட்டளை எடுக்கப் போய் நடந்த தவறு. கடைசி ஆறு பிட் சொல்வது, மூன்றாம் அடுக்கில் அணுகல் கொடி இல்லை. ஆர்மில் பக்கப் பதிவின் 10ஆம் பிட் அது. "இந்தப் பக்கம் தொடப்பட்டது" என்று அடையாளம் வைக்கும் பிட். அது சைபராக இருந்தால் இந்தச் சில்லு பக்கத்தைத் தொடவே விடாது. கெர்னல் பக்கங்களுக்குப் போட்டிருந்தோம், பயனர் பக்கங்களுக்குப் போட மறந்திருந்தோம். ஒரு பிட் சேர்த்தோம், டொலர் அடையாளத்தோடு, கட்டளை வாங்கும் ஷெல் வந்து நின்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் ஓடியது. கோப்பைத் திறந்து காட்டும் கெட் ஓடியது. ஆடி கடைசி அப்போது.

"அக்கா, அரைவாசி முடிஞ்சுது" என்றார் கொக்குவில் தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழா. 25 நாளும் கோயிலடி வீதிகளை வாகனத்துக்கு மூடிவிடுவார்கள். கொக்குவில் தம்பி சுற்றிச் சைக்கிளில் வருவார். அந்த நாட்களில்தான் போர்டை வெளியே எடுத்தோம்.

சீரியல் கேபிளைப் பற்றி ஒரு பந்தி எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் போர்டைப் பொசுக்க இதுவே கெதியான வழி. கேபிளில் நாலு வயர்: சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை. எங்கள் கேபிளில் கறுப்பு 6ஆம் பின்னுக்கு, வெள்ளை 8ஆம் பின்னுக்கு, பச்சை 10ஆம் பின்னுக்கு. சிவப்பில் 5 வோல்ட் வருகிறது, அதை எதிலும் செருகக்கூடாது. நாங்கள் அதன் நுனியை டேப்பால் சுற்றிவிட்டோம். போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை, கேபிளும் 3.3 வோல்ட் வகையாக இருக்கவேண்டும். ஒரு பக்கத்து அனுப்பும் வயர் மறுபக்கத்துப் பெறும் பின்னுக்குப் போகவேண்டும். நிறங்கள் கேபிளுக்குக் கேபிள் மாறும், ஆகவே வாங்கிய கேபிளின் தாளைப் பார்த்துத்தான் செருகவேண்டும்.

இந்தப் போர்டில் முதலில் விழிப்பது ஆர்ம் இல்லை, கிராபிக்ஸ் சில்லு. அது கார்டில் இருந்து தன் கோப்புகளை வாசித்து, கன்ஃபிக் கோப்பைப் பார்த்து, எங்கள் கெர்னலை ஹெக்ஸில் 80000 என்ற முகவரியில் வைத்துவிட்டுப் பிறகுதான் ஆர்மைத் தட்டி எழுப்புகிறது. செருகினோம், கரண்ட் கொடுத்தோம். திரையில் வந்தது குப்பை எழுத்து. வயர் சரி, வேகமும் 115200 என்று சரியாகத்தான் இருந்தது. காரணம் என்னவென்றால், நாங்கள் பயன்படுத்திய சின்ன யுஆர்ட் (சீரியல் எழுத்துகளை அனுப்பிப் பெறும் பகுதி), சில்லின் உள் கடிகாரத்தை வகுத்துத் தன் வேகத்தை எடுக்கிறது. 250 மெகாஹெர்ட்ஸ் என்று எண்ணி 270 என்ற வகு எண்ணைப் போட்டிருந்தோம். அந்தக் கடிகாரம் 400க்கு ஏறினால் சீரியல் வேகமும் 1.6 மடங்கு ஏறிவிடும். கன்ஃபிக் கோப்பில் யுஆர்ட்டை இயக்கும் வரியை 1 என்று சேர்த்தால் கடிகாரம் 250இல் நிலைக்கும். ஒரு வரி, ஒரு பின்னேரம்.

சரி, இனி எக்ஸ்வி6 எழும்பும் என்று இருந்தோம். திரை வெறுமையாக நின்றது.

இப்படி நிற்கும்போது செய்யக்கூடியது ஒன்றுதான். வழிநெடுக இலக்கம் போடுவது. கெர்னலின் அச்சிடும் சார்பான பிரிண்ட்எஃப்பை நம்பாமல், யுஆர்ட்டின் பதிவகத்தில் நேரே ஒரு எழுத்தை எழுதும் இரண்டு வரி. நுழைவில் 1, ஈஎல்1க்கு இறங்கியதும் 2, முதன்மைச் சார்பில் கன்சோல் தயாரானதும் 3, முதல் வாசகம் அச்சானதும் 4. கார்டைக் கழற்றி, எழுதி, செருகி, கரண்ட் கொடுத்தோம்.

"அக்கா, மூண்டு வந்திட்டுது. அதுக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை."

அதாவது, "கெர்னல் எழும்புகிறது" என்ற முதல் வாசகத்தை அச்சிடப் போன இடத்தில் நின்றுவிட்டது. யுஆர்ட் வேலை செய்கிறது, 3 வந்திருக்கிறதே. பின் அச்சிடுவதில் என்ன பிழை? இதே கெர்னல் கியூஎமுவில் ஷெல் வரை போகிறது.

அன்று பின்னேரம் கரண்டும் நின்றது. மடிக்கணினியில் சார்ஜ் இருந்தது, போர்டைப் பவர் பாங்கில் கொளுவினோம், விளக்கை முற்றத்தில் வைத்துவிட்டு விறாந்தையில் இருந்தோம். அப்பா வந்து பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரத் தடை இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் எடுத்து றேடியோவில் தமிழோசை கேட்டதைச் சொன்னார். "சுத்துறது கொஞ்சம் குறைஞ்சாச் சத்தம் விழுந்திடும். எங்கை விழுகுதெண்டு காது வைச்சுக் கேட்டுத்தான் சரிக்கட்டுவம்" என்றார். சாவகச்சேரித் தம்பி அதை மிகக் கவனமாகக் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அப்ப நாங்களும் இன்னும் கிட்டப் போய்க் கேட்பம் அக்கா, பிரிண்ட்எஃப்புக்கு உள்ளை" என்றார்.

உள்ளே போனோம். அச்சிடும் சார்பு முதலில் ஒரு பூட்டை எடுக்கிறது. இரண்டு கோர் ஒரே நேரத்தில் எழுதினால் எழுத்துகள் கலந்துவிடும் என்பதற்காக. பூட்டுக்கு முன்னால் போட்ட எழுத்து வந்தது, பின்னால் போட்டது வரவில்லை. பூட்டை எடுக்கும் வரியை இயந்திர மொழியில் விரித்துப் பார்த்தால் இரண்டு கட்டளை. எல்டிஎக்ஸ்ஆர் என்பது "இந்த இடத்தை வாசிக்கிறேன், என் பெயரில் குறித்துக்கொள்" என்கிறது. எஸ்டிஎக்ஸ்ஆர் என்பது "இடையில் வேறு யாரும் தொடவில்லை என்றால் எழுது" என்கிறது. எழுதினால் சைபர், எழுதாவிட்டால் 1 திரும்ப வரும். 1 வந்தால் மறுபடி முதலில் இருந்து. திரும்பி வந்த எண்ணை நேரே திரைக்கு அனுப்பினோம்.

1, 1, 1, 1. திரை நிறைய 1. நாங்கள் கரண்டை நிறுத்தும் வரை 1.

பூட்டை எடுக்கப் போட்டிக்கு ஒருவருமில்லை. மற்ற மூன்று கோரும் உறங்குகின்றன. அப்படியிருந்தும் எழுத முடியவில்லை. இதற்குக் காரணம் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று சனிக்கிழமை போயின. "என் பெயரில் குறித்துக்கொள்" என்றால் யார் குறிப்பது? கோர்டெக்ஸ்-ஏ53இல் கேஷ் நினைவகத்தோடு (அடிக்கடி வேண்டியதைக் கிட்ட வைத்திருக்கும் வேக நினைவகம்) சேர்ந்த ஒரு காவலாளி குறிக்கிறது. பக்க அட்டவணையைப் பார்த்து நடக்கும் நினைவக மேலாண்மை இன்னும் இயங்கத் தொடங்காத நேரத்தில் எல்லா முகவரியும் கேஷில் சேராத சாதன நினைவகமாகவே நடத்தப்படும். அப்போது குறித்துவைக்க ஆளில்லை. எங்கள் போர்டில் எஸ்டிஎக்ஸ்ஆர் ஒருதரமும் வெல்லவில்லை. எக்ஸ்வி6இன் முதன்மைச் சார்பைத் திறந்து பாருங்கள்: முதல் வாசகத்தை அச்சிடுவது பக்க அட்டவணையை இயக்குவதற்கு முன்னால். ரிஸ்க்-ஃபைவில் அந்த ஒழுங்கால் ஒரு தொல்லையும் இல்லை. கியூஎமு கேஷைப் போலி செய்வதே இல்லை, ஆகவே அங்கேயும் தொல்லையில்லை. இந்தச் சில்லில் மட்டும் அந்த ஒழுங்கு பிழை.

இந்த இடம்தான் எனக்கு இந்த வேலை முழுவதிலும் பெறுமதியானது. எக்ஸ்வி6இல் எங்கேயும் "பூட்டு எடுக்கும்போது கேஷ் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்" என்று எழுதியிருக்கவில்லை. எழுதவேண்டிய தேவை வரவில்லை. ஒரு நிரலை வேறொரு இயந்திரத்துக்குக் கொண்டுபோகும்போதுதான், எழுதினவர் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. கியூஎமுவில் முடித்துவிட்டு அறிக்கை எழுதியிருந்தால் இந்தப் பிள்ளைகள் பூட்டைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் உள்ளதை மட்டுமே அறிந்திருப்பார்கள்.

திருத்தம் இது: முதன்மைச் சார்புக்கு வருமுன்னரே, நுழைவுக் கோப்பில், ஒரு தற்காலிக அட்டவணையைப் போட்டு நினைவக மேலாண்மையையும் கேஷையும் இயக்கிவிடுவது. 2 எம்பித் துண்டுகளாக வரைந்தால் 1 ஜிபிக்குச் சரியாக 512 பதிவு, ஒரே ஒரு பக்கம். அதில் 504 முதல் 511 வரையான எட்டும் சாதனங்களின் முகவரி, அவற்றைச் சாதன நினைவகம் என்றும், மற்றதைச் சாதாரண நினைவகம் என்றும் குறிக்கவேண்டும். கோர்களின் டைமர் கட்டுப்பாடு 1 ஜிபிக்கு மேலே தனியாக இருக்கிறது, அதற்கு இன்னொரு பதிவு. எழுதி, செருகி, கரண்ட் கொடுத்தோம். 1, 2, 3, அடுத்த வரியில் வாசகம், 4. கொக்குவில் தம்பி எழும்பி நின்றுவிட்டார். அம்மா குசினியில் இருந்து ஓடிவந்து என்னவென்று கேட்டார்.

இதற்கிடையில் எஸ்டி கார்டைக் கழற்றிச் செருகியே கார்டின் பொன்பூச்சு தேய்ந்துவிடும் போல இருந்தது. அதனால் ஒரு சின்ன ஏற்றி எழுதினோம். கார்டில் அது மட்டும் இருக்கும். எழும்பியதும் சீரியல் வழியாகக் கெர்னலை வாங்கி நினைவகத்தில் வைத்துத் தாவும். எக்ஸ்வி6இன் வட்டுப் பிம்பம் 2000 கட்டை, கட்டை ஒன்று 1024 பைட். ராஸ்பெரி பையில் கியூஎமுவின் போலி வட்டு இல்லை என்பதால் அதைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்து நினைவக வட்டாக வைத்திருந்தோம். 115200 வேகத்தில் விநாடிக்கு 11,520 பைட்தான் போகும், வட்டு மட்டுமே மூன்று நிமிடம் எடுக்கும். யுஆர்ட்டின் வகு எண்ணை 33 ஆக்கினால் வேகம் ஏறக்குறைய 921600. 22, 23 விநாடியில் முடிந்துவிடும். ஒரு நாளில் முப்பது தரம் ஏற்றுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை.

டைமர் பிழை சின்னது, ஆனால் வடிவாகக் கண்டுபிடித்தார்கள். ஷெல் வந்துவிட்டது, எல்லாம் ஓடுகிறது, ஆனால் எல்லாமே சோம்பலாக ஓடுகிறது. எக்ஸ்வி6இல் ஒரு துடிப்பு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 100 துடிப்பு உறங்கும் ஒரு நிரலை எழுதி, மானிப்பாய்த் தங்கச்சி போனில் நேரம் பிடித்தாள். 10 விநாடி வரவேண்டியது, 32 விநாடியைத் தாண்டியது. மூன்று தரமும் அதே. "ஒரேயளவாப் பிழைக்குதெண்டா அது பெருக்கல் பிழைதான் அக்கா" என்றாள். சரியாகச் சொன்னாள். கியூஎமுவின் டைமர் விநாடிக்கு 6 கோடியே 25 இலட்சம் எண்ணுகிறது. அந்த எண்ணைப் பத்தால் வகுத்து நிரலில் நேரே எழுதியிருந்தோம். உண்மைப் போர்டின் படிகம் 19.2 மெகாஹெர்ட்ஸ். 62.5ஐ 19.2ஆல் வகுத்தால் 3.255. சில்லிலேயே "என் வேகம் இது" என்று சொல்லும் பதிவகம் ஒன்று இருக்கிறது; அதைக் கேட்டு வகுத்தால் இரண்டு இடத்திலும் சரி.

கடைசிப் பிழைதான் மனதை நோகச்செய்தது, ஏனென்றால் அது எப்போதும் வராது. எல்எஸ் ஐந்து தரம் ஓடும், ஆறாம் தரம் அர்த்தமில்லாத கட்டளை என்று சொல்லி விழும். வேறொரு நாள் இருபது தரமும் ஓடும். நினைவகம் பழுது என்று ஒருவர், பவர் பாங்க் பழுது என்று ஒருவர். இரண்டு கிழமை ஊகத்தில் போனது. பிறகு சாவகச்சேரித் தம்பி நடந்ததை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினார்: எந்த நிரலுக்குப் பிறகு எந்த நிரல் விழுந்தது, எந்தப் பக்கத்தில். நாற்பது வரி சேர்ந்ததும் தெரிந்தது, விழும் நிரலின் பக்கம் எப்போதும் சற்று முன் வேறொரு நிரலின் கட்டளைகள் இருந்த பக்கம்.

ஆர்மில் கட்டளைக்கு ஒரு கேஷ், தரவுக்கு ஒரு கேஷ். இரண்டும் ஒன்றையொன்று தானாகப் பார்த்துக்கொள்வதில்லை. புதிய நிரலை ஏற்றும்போது கெர்னல் அதைத் தரவாக எழுதுகிறது. கட்டளைக் கேஷில் அந்தப் பக்கத்தின் பழைய நிரல் இன்னும் கிடந்தால், சில்லு செத்துப்போன நிரலின் கட்டளையை எடுத்து ஓட்டும். நிரலை ஏற்றி முடித்ததும் 64 பைட் 64 பைட்டாகத் தரவுக் கேஷை வெளியே தள்ளி, கட்டளைக் கேஷை அழித்து, இரண்டு தடுப்புக் கட்டளை போடவேண்டும். எட்டு வரி. அதன் பிறகு ஒரு இரவு முழுவதும் எல்எஸ்ஸைச் சுழற்சியில் ஓடவிட்டோம். காலையில் நான் தேத்தண்ணியோடு போய்ப் பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

எஸ்டி கார்டுக்கான டிரைவரை முடிக்கவில்லை. கரண்ட் போனால் எழுதின கோப்பெல்லாம் நினைவக வட்டோடு போய்விடும். அறிக்கையிலும் அதை அப்படியே எழுதச் சொன்னேன்.

மிஞ்சிய நாட்களில் தங்கச்சி ஒரு ஆசையைச் சொன்னாள். "அக்கா, இதிலை தமிழிலை ஒரு டிரெக்டரி செய்வமா?" எக்ஸ்வி6க்குத் தமிழ் என்று ஒன்று தெரியாது. ஆனால் தமிழ் எழுத்தைச் சுமந்து வரும் யூடிஎஃப்-8 பைட்டுகளை மறிக்கவும் தெரியாது, வந்ததை அப்படியே விடும். "அம்மா" என்று ஒரு டிரெக்டரி செய்தாள். வந்தது. எல்எஸ் போட்டால் "அம்ம" என்று வந்து, பக்கத்தில் உடைந்த எழுத்தின் கறுப்புக் கட்டம். பிறகு "அம்மி" என்று ஒன்று செய்யப் போனாள். ஏற்கெனவே இருக்கிறது என்பது போல மறுத்துவிட்டது.

இதைத் தாளில் போட்டுப் பார்த்தோம். "அம்மா" யூனிகோடில் ஐந்து குறி: அ, ம, புள்ளி, ம, ஆகாரக் கால். குறி ஒன்றுக்கு மூன்று பைட், மொத்தம் 15. எக்ஸ்வி6இல் கோப்புப் பெயருக்கு இடம் 14 பைட். யூனிக்ஸ் 6ஆம் பதிப்பில் இருந்து வந்த அளவு அது. கோப்பை அடையாளம் காட்டும் ஐநோடு எண்ணுக்கு 2, பெயருக்கு 14, சேர்த்து 16. பதினைந்தாவது பைட் வெட்டுப்பட்டது. ஆகாரக் காலுக்கும் இகர விசிறிக்கும் வேறுபாடு அந்தக் கடைசிப் பைட்டில் மட்டும்தான். முதல் இரண்டும் ஒன்றே. ஆகவே இந்த இயங்குதளத்துக்கு அம்மாவும் அம்மியும் ஒரே பெயர்.

அளவை 30 ஆக்கினால் பத்துக் குறி. "யாழ்ப்பாணம்" பதினொரு குறி, 33 பைட், கொள்ளாது. 62 ஆக்கினோம். 2ஐச் சேர்த்தால் 64. 1024 அதால் மீதியில்லாமல் வகுபடவேண்டும், வகுபடும். வட்டுப் பிம்பத்தைச் செய்யும் நிரல் அதைச் சரிபார்த்துத்தான் விடுகிறது. கன்சோலில் அழிப்பு விசையும் திருத்த வேண்டியிருந்தது. ஒரு தட்டுக்கு ஒரு பைட்டை அழித்தது; 128 முதல் 191 வரையான பைட் வரும்போதெல்லாம் தொடர்ந்து அழித்து, 224 என்ற தொடக்கப் பைட்டையும் அழித்துவிட்டு நிற்கும்படி செய்தோம். திரையில் தமிழ் எழுத்தின் அகலம் இன்னும் முழுதாக ஒத்துவரவில்லை, புள்ளி வரும் இடங்களில் கர்சர் ஒரு இடம் விலகி நிற்கிறது.

பிறகு எக்ஸ்வி6உடன் வரும் பரிசோதனை நிரலை முழுதாக ஓடவிட்டோம். ஒன்று மட்டும் விழுந்தது. அதன் பெயரே "பதினான்கு". பெயர் 14 பைட்டில் வெட்டுப்படுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது; எங்களிடம் வெட்டுப்படவில்லை. தங்கச்சி அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிதாக ஒன்று எழுதினாள். அம்மா என்று ஒரு டிரெக்டரி, அம்மி என்று ஒரு டிரெக்டரி, இரண்டினதும் ஐநோடு எண் வேறு வேறா என்று பார்க்கும். கார்த்திகையில் ஒரு ஞாயிறு, வெளியே மழை, கூரைத் தாழ்வாரத்தில் இருந்து தண்ணீர் சத்தமாக விழுந்துகொண்டிருந்தது. மூவரும் போர்டைச் சுற்றி இருந்தார்கள். வரிகள் ஒவ்வொன்றாக வந்தன, அவள் எழுதிய வரி வந்தது, அதற்கு நேரே சரி என்று வந்தது. தங்கச்சி ஷெல்லில் எல்எஸ் என்று அடித்தாள். முழு "அம்மா"வும், அதன் கீழே முழு "அம்மி"யும் வந்து நின்றன.